மருத்தன் கட்டிய வேடம்

போர்க்களத்தில் கும்பகருணன் நின்று பொருதுகொண்டிருக்கிறான். அவனுடைய ஆண்மையைப் பார்த்தாயிற்று, இனி இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள் எனக் கம்பன் நம் முகத்தைத் திருப்புகிறான். திருப்பிய இடத்தில் இராவணன் தன் அமைச்சன் மகோதரனோடு இருக்கிறான். களத்துக்கு அனுப்பிய தம்பியைப் பற்றி அங்கே பேச்சில்லை. சீதையை எப்படி இணங்கவைப்பது என்பதுதான் பேச்சு. மகோதரன் வழி சொல்கிறான். மருத்தன் என்றொரு மாயக்காரன் இருக்கிறான். அவனைச் சனகனாக உருமாற்றி, கட்டி இழுத்துவந்து, அவள் கண்முன் நிறுத்துவோம். தந்தையின் உயிருக்காக மகள் வளைந்துகொடுப்பாள்.

யுத்த காண்டத்தில் மாயாசனகப் படலம் இப்படித் தொடங்குகிறது. வால்மீகியில் இந்தக் காட்சி கிடையாது. கம்பன் தானே எண்ணிப் படைத்தது. சிறையில் இருக்கும் ஒருத்தியைப் பணியவைக்க இன்னொரு சிறையாளியைக் கொண்டுவந்து நிறுத்தும் இந்தச் சூழ்ச்சியை, அதன் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிக் காட்டுவதுபோல் அவன் பாடியிருக்கிறான். கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் மேடைகள் அதிகம் தொடாத பகுதி இது. வாலி வதைக்கும் கும்பகருணன் வதைக்கும் கிடைத்த பட்டிமன்றங்களில் நாலில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைத்ததில்லை என்பது என் மனக்குறை.

இதை மரக்காணத்து உப்பளக் கரையிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. கம்பனைத் தாங்கிய சடையப்ப வள்ளலின் ஊர் திருவெண்ணெய்நல்லூர் என்பார்கள். அது மரக்காணம் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்து ஊர். இராமனுக்கு முடிசூட்டும் இடத்தில், மகுடத்தை எடுத்துக் கொடுத்தவர்கள் சடையனின் முன்னோர் என்று பாடித் தன் நன்றியைக் காவியத்தின் சிகரத்திலேயே கம்பன் பதித்துவைத்தான். கடலோரமாகத் தெற்கே போனால் புதுச்சேரி. ஆண்டுதோறும் மே மாதம் கம்பன் விழா நடக்கும் ஊர், கம்பன் பெயரிலேயே கலையரங்கம் உள்ள ஊர். கம்பனை உலகக் காவியங்களுக்கு நடுவே நிறுத்தி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதிய வ.வே.சு. ஐயர், 1910 முதல் 1920 வரை அடைக்கலம் இருந்ததும் அங்கேதான்.

ஆனால் இந்தப் படலத்துக்கு இந்த மண் பொருந்துவதற்கு இவற்றைவிடப் பெரிய காரணம் கூத்து. உப்பு விளையும் கோடைதான் இந்தப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தின் பருவமும். பகலில் பாத்தியில் நின்று உப்பு வாரிய ஆள், இரவில் கூத்துக் களரியின் முன் கண்விழித்து உட்கார்ந்திருப்பார். திரைக்குப் பின்னாலிருந்து வரும் துரியோதனன் எந்த ஊர்க்காரர், யார் மகன் என்பது கூட்டத்துக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவன்மீது கோபப்படுவார்கள். திரௌபதி அழும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அரிதாரத்துக்கு அடியில் இருப்பவன் வேறு, அரிதாரம் வேறு என்ற அறிவும் கண்ணீரும் அங்கே ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

அசோக வனத்திலும் அன்று நடந்தது ஒரு கூத்துதான். கதை கட்டியவன் மகோதரன். வேடம் கட்டியவன் மருத்தன். இராவணனும் ஒரு வேடம் போடுகிறான், அதைப் பின்னால் பார்ப்போம். இது கூத்து என்று அங்கே அறியாதவள் சீதை ஒருத்திதான். வாசகர்களாகிய நமக்கு மருத்தனின் பெயரைக் கம்பன் முதலிலேயே சொல்லிவிட்டான். வந்திருப்பவன் உண்மையில் சனகனா என்ற கேள்வியை நம்மிடமிருந்து எடுத்துவிட்டு, பொய் என்று தெரியாத நிலையில் இவள் என்ன செய்வாள் என்ற கேள்வியை மட்டும் கையில் கொடுக்கிறான். கதை சொல்லத் தெரிந்தவனின் துணிச்சல் இது. மர்மத்தைக் கடைசிவரை ஒளித்துவைத்திருந்தால் நாம் சனகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒளிக்காததால் சீதையின் முகத்தைப் பார்க்கிறோம்.

வால்மீகியின் இராவணனும் மாயை செய்கிறான். இராமனின் வெட்டுண்ட தலையையும் வில்லையும்போல மாயத்தால் செய்யவைத்து, சீதையின் முன் போடச் சொல்கிறான். அவள் கதறுகிறாள். பின்னர் சரமை என்னும் அரக்கி வந்து அது பொய் என்று தேற்றுகிறாள். அந்தக் காட்சியைக் கம்பன் விட்டுவிட்டான். ஏன் விட்டான் என்று யோசித்துப் பார்த்தால் அவன் மனத்தின் கூர்மை தெரிகிறது. வெட்டுண்ட தலை முடிந்துபோன காரியம். அதைக் கண்டு அழலாம், சாகலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை. கட்டுண்டு நிற்கும் தந்தை இன்னும் முடியாத காரியம். அவர் பிழைப்பதும் மடிவதும் இனி உன் வாயிலிருந்து வரும் சொல்லில் இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. தலையைக் காட்டும்போது கொலைகாரன் இராவணன். தந்தையைக் கட்டி நிறுத்தும்போது, இணங்க மறுத்தால், கொலைகாரி மகள். பழியை இடம் மாற்றுவதுதான் பணயம் பிடிப்பவனின் தொழில் நுட்பம். நம் திரைப்படங்களின் கடைசிக் காட்சியில் கிடங்குத் தூணில் அம்மாவைக் கட்டிவைத்து, துப்பாக்கியைக் கீழே போடு என்று கதாநாயகனிடம் கத்தும் வில்லன்கள் எல்லோரும் இந்த நுட்பத்தில் மகோதரனின் வழிவந்தவர்கள்.

சனகனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் சீதை படும் பாட்டைக் கம்பன் அவசரப்படாமல் சொல்கிறான். கைகளை நெரிக்கிறாள். கண்களில் அறைந்துகொள்கிறாள். நெய் வார்த்த நெருப்பை மிதித்துவிட்டதுபோல் அவள் கால்கள் தரையில் பதைக்கின்றன. நடுங்கி விழுகிறாள், புரள்கிறாள், ஓலமிடுகிறாள். இந்த வேகத்துக்கு நடுவில் ஒரு சிறு குறிப்பை நழுவவிடுகிறான்: இது பொய் என்று அவள் உணரவில்லை; அன்பால் புரண்டாள். அந்தக் குறிப்பை நான் பலமுறை நின்று பார்த்ததுண்டு. சீதை அறிவில் குறைந்தவள் அல்லள். மாயமானைப் பார்த்து ஏமாந்து, அந்த ஏமாற்றத்தின் விலையைத் தினமும் கொடுத்துக்கொண்டிருப்பவள். மாயையை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? அப்படியிருந்தும் இப்போது சந்தேகம் வரவில்லை. வராததற்குக் காரணம் அன்பு என்று கம்பன் சொல்லும்போது, அவள் பக்கம் நின்று வாதாடுகிறான். வேடத்தின் திறமையால் மருத்தன் வென்றான் என்று சொல்லவே இல்லை.

இந்தப் பாடல் இந்த இடத்தில் இருப்பது பின்னால் வரப்போகும் ஒன்றுக்கு அடித்தளம். சிறிது நேரம் கழித்து இதே சீதை, செத்தால் சாகட்டும் என்று தந்தையைப் பார்த்துச் சொல்லப்போகிறாள். கல்நெஞ்சக்காரி என்று எந்த வாசகனும் அவளைச் சொல்லிவிட முடியாதபடி, நெருப்பில் பதைத்த கால்களை முதலில் காட்டிவைத்துவிட்டான்.

இப்போது இராவணனின் வேடம். மிரட்டுவான் என்று எதிர்பார்க்கிறோம். அவனோ மன்னிப்புக் கேட்கிறான்! உன்னை அடையும் ஆசையால் எண்ணிப் பார்க்கவும் தகாத பெரிய துன்பத்தைச் செய்துவிட்டேன், இந்தப் பிழையைப் பொறுத்துக்கொள் என்கிறான். மிதிலை மக்களை வேரோடு அழிக்கமாட்டேன், இவருடைய உயிரையும் எடுக்கமாட்டேன், அஞ்சாதே என்கிறான். உயிரை எடுக்கமாட்டேன் என்ற உறுதிமொழிக்குள் எடுக்க முடியும் என்ற அறிவிப்பு ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மிதிலையை அழிக்கப்போவதாக யாரும் அதுவரை பேசவில்லை. அழிக்கமாட்டேன் என்று சொல்லித்தான் அந்தப் பயத்தை அவள் மனத்தில் முதன்முதலாக ஊன்றுகிறான்.

பணயம் பிடித்தவன் இனிமையாக நடந்துகொள்வது வரலாற்றிலும் உண்டு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் 3 கோடியே 30 லட்சம் ரூபாய்க்கும் மற்ற நிபந்தனைகளுக்கும் ஈடாகத் திப்பு சுல்தானின் இரண்டு சிறுவர்களைக் காரன்வாலிஸ் பெற்றுக்கொண்டான். பிள்ளைகள் கூடாரத்துக்கு வந்ததும் ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் பரிசளித்தான். அந்தக் காட்சியை வெள்ளைக்கார ஓவியர்கள் மாறி மாறித் தீட்டினார்கள். தந்தையைப்போல் பிள்ளைகளை அணைத்துக்கொள்ளும் பிரபுவாக அவனைக் காட்டினார்கள். பிள்ளைகள் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு 1794இல்தான் திரும்பினார்கள். கடிகாரமும் கைதியும் ஒரே கையிலிருந்து வருவதைக் கம்பன் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பார்த்திருக்கிறான்.

மன்னிப்புக்குப் பிறகு இராவணன் பேரம் பேசத் தொடங்குகிறான். தேவருலகம், ஏழுலகம், மூன்று புவனங்களிலும் உள்ள தன் ஆட்சி, எல்லாம் சனகனுக்கு. அடுத்து, இலங்கையை இவருக்குக் கொடுத்துவிட்டு நான் வேறெங்காவது போய் வாழ்கிறேன். இரண்டு பெருநிதிகள், புட்பக விமானம், தெய்வம் தந்த வாள், கேட்டால் எதையும் மறுக்கமாட்டேன். அதற்கும் மேலே போய், இந்திரன் சூடிய மகுடத்தை இவருக்குச் சூட்டி இவர் ஏவும் பணியைச் செய்துகொண்டு நிற்பேன் என்கிறான். பதிலுக்கு அவன் கேட்பது அருளோடு ஒரு சொல்.

ஏலத்தில் எதிராளி யாரும் இல்லாதபோதும் விலையைத் தானே ஏற்றிக்கொண்டு போகிறவனின் நிலை இது. உலகங்களைக் கொடுப்பவன் ஊரைக் கொடுப்பதாகச் சொல்வது இறக்கம்போலத் தோன்றும். அங்கேதான் கம்பனின் மனநூல் அறிவு. மூவுலகும் இராவணன் பிடித்த பொருள்கள். இலங்கை அவன் குடியிருக்கும் வீடு. விமானம் அவன் ஏறும் ஊர்தி, வாள் அவன் இடுப்பில் கிடப்பது. தொலைவில் உள்ள உடைமையில் தொடங்கி உடம்பை ஒட்டிய உடைமைவரை வந்து, கடைசியில் தன்னையே பணியாளாகக் கொடுக்கிறான். இந்தப் பட்டியலில் அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. பணயமாக நிற்பவர் போலி, பணயம் வைத்தவனின் ஏக்கம் மெய். அவனைக் கொடியவன் என்று தள்ளிவிட நாம் ஆயத்தமாகும்போதெல்லாம் கம்பன் இப்படி ஓர் உண்மையை அவனிடம் விட்டுவைக்கிறான். கொடுமைக்குப் பின்னால் மெய்யான ஏக்கம் இருப்பதால் கொடுமை குறைந்துவிடாது என்பதையும் கூடவே காட்டுகிறான்.

சீதை கொடுத்த விடை சுடுகிறது. இராமன் அம்பின் முன் உன் செல்வம் என்ன ஆகும் என்று அவள் பேசப் பேச இராவணன் கொதிக்கிறான். பேரம் முறிந்த இடத்தில், சனகனாக நிற்கும் மருத்தன் வாயைத் திறக்கிறான்.

இந்தப் படலத்தின் உச்சமான நச்சு இங்கே இருக்கிறது. பணயம் வைக்கப்பட்டவர்கள் கதைகளில் பெரும்பாலும் ஊமைகள். அழுவார்கள், அல்லது, என்னைப் பற்றிக் கவலைப்படாதே, பணியாதே என்று கத்துவார்கள். பணயமாக நிற்பவனே பணிந்துவிடு மகளே என்று கெஞ்சினால்? அந்தச் சொற்களை மருத்தன் எவ்வளவு கணக்காக அடுக்குகிறான் என்று பாருங்கள். தாமரையில் இருக்கும் திருமகளே ஒருவரிடம் நிற்காமல் பலருக்கும் பொதுவாகத்தானே இருக்கிறாள் என்று தொடங்குகிறான். தெய்வத்தைச் சான்று காட்டி முதலில் கற்பின் அடிக்கல்லை அசைத்துப் பார்க்கிறான். அடுத்து உறவு: பாவி, நான் பெற்ற பெண்ணே, உன்னால் அல்லவா எனக்கு இந்த நிலை. அடுத்து நயமான கேள்வி: தேவர்க்கும் அரசனானவனுக்குத் தேவியாக இருப்பது தீங்கா, சிறையில் கிடந்து தேம்புகிறாயே. அடுத்து குடும்பம்: என்னையும் என் குலத்தையும் வாழவை. கடைசியில் சொல் தீர்ந்து உடல் பேசுகிறது. அவள் காலடியில் விழுந்து பொருமுகிறான்.

தந்தை மகள் காலில் விழுவது. தமிழ் மனத்துக்கு இதைவிடப் பெரிய நெருக்கடியைக் கற்பிக்க முடியுமா என்று தெரியவில்லை. சுந்தர காண்டத்தில் இதே வனத்தில் இராவணன் இவள் முன் நிலத்தில் விழுந்திருக்கிறான், பழிக்கும் அஞ்சாமல். அது அவளை அசைக்கவில்லை. எதிரி விழுந்து பயனில்லை என்று கண்டபின் தந்தையை விழவைத்திருக்கிறார்கள்.

சீதை காதுகளை இறுகப் பொத்திக்கொள்கிறாள். சற்றுமுன் கண்களில் அறைந்துகொண்ட கைகள் இப்போது காதுகளுக்குப் போகின்றன. இந்த இடமாற்றத்தைக் கம்பன் தெரிந்து செய்தானா, தானாக அமைந்ததா என்று கேட்டால், தெரிந்தே செய்தான் என்றுதான் சொல்வேன். காட்சி அவளை வீழ்த்தியது. கண்கள் துன்பத்தின் வாயில். சொல் அவளை எழுப்புகிறது. உயிருக்கு ஆசைப்பட்டு என் தந்தை இப்படிப் பேசமாட்டார் என்று முதல் முறையாக அவள் உள்ளத்தில் ஒரு மறுப்பு பிறக்கிறது. உப்பும் கற்பூரமும் கண்ணுக்கு ஒன்றுபோல வெள்ளை, நாக்குதான் பிரித்துச் சொல்லும் என்பது உப்பளத்துக் குழந்தைக்கும் தெரிந்த சோதனை. மருத்தனின் உருவத்தில் பிழை இல்லை. குரலிலும் பிழை இருந்ததாகக் கம்பன் சொல்லவில்லை. அவன் பேச்சின் சுவையில் சனகன் இல்லை.

பிறகு அவள் பேசுவதில் ஒரு பாடல் முழுக்க இழப்புகளின் அடுக்கு. அறம் கெட்டது, வழக்கு நீங்கியது, அரச மரபின் மறம் கெட்டது, மெய் தேய்ந்தது, வசை வந்தது, வேதம் ஓதும் திறம் கெட்டது, ஒழுக்கம் குன்றியது, தேவரும் போற்றும் தன்மை கெட்டது. இத்தனையும் நீ சொன்ன சில சொற்களால் ஆயின. இவ்வளவையும் சொல்லிவிட்டு, நினைத்துப் பார்த்தால் நீ சனகன்தானா ஐயா என்று கேட்கிறாள். இவ்வளவு சினத்திலும் அந்த ஐயா என்ற விளி விட்டுப்போகவில்லை. எதிரில் நிற்பது தந்தை இல்லை என்று அவள் இன்னும் முடிவு கட்டவில்லை. முடிவு கட்டாத நிலையில் இருக்கும் மகளின் மரியாதை அந்த ஒரு விளியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நீயும் உன் சுற்றமும் இந்த உலகமும் ஒருசேர அழிந்தாலும் முறை குன்றி வாழ்வேனோ என்று அடுத்துக் கேட்கிறாள். இராமனைத் தவிர வேறு எவன் என்னை நெருங்கினாலும் நெருப்பில் விழும் விட்டில்தான், சிங்கத்தோடு வாழ்ந்த பெண் சிங்கம் சாக்கடை அழுக்கைத் தின்னும் நரியோடு வாழுமா என்று பொங்குகிறாள். இந்தப் பொங்கலுக்குப் பின் வருகிறது படலத்தின் நடுநாயகமான பாடல். அதன் பொருளை என் சொற்களில் தருகிறேன். நீ என் தந்தை இல்லை. சரி, தந்தையாகவே இரு. என் வீரனின் வில்லை வாழ்த்திக்கொண்டு காத்திரு. அந்த வில் உன்னை மீட்டால் மீண்டு வா. மீட்சி இல்லை என்றால் இறந்துபோ. சொல்லத்தகாத சொல்லைச் சொல்லி என்றைக்கும் அழியாத பழியை ஏற்றுக்கொண்டாய்.

தந்தை இல்லை, தந்தையாகவே இரு. இந்த இரண்டு அடிவைப்புகளுக்கு இடையில்தான் மகோதரனின் திட்டம் முழுவதும் சரிகிறது. அந்தத் திட்டம் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது: அவன் சனகன் என்று அவள் நம்பினால் போதும். சீதை அந்த நம்பிக்கையை மறுக்கிறாள். மறுத்த மறுகணமே, மறுக்க வேண்டிய தேவையும் இல்லை என்று ஒதுக்கிவைக்கிறாள். போலி என்று கண்டுபிடித்துவிட்டதால் அவள் தப்பித்தாள் என்று கதையை முடித்திருக்கலாம். அப்படி முடித்திருந்தால் அது புத்திசாலித்தனத்தின் வெற்றியாக மட்டும் இருந்திருக்கும். மெய்யான சனகனே வந்திருந்தால் இணங்கியிருப்பாளோ என்ற ஐயம் நமக்கு மிஞ்சியிருக்கும். கம்பன் அந்த ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. மெய்யானாலும் விடை இதுதான் என்று அவள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டான்.

அவள் தந்தைக்கு ஒரு வழியும் சொல்லியிருக்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். வில்லை வாழ்த்திக் காத்திரு என்பது கைவிடுதல் ஆகாது. தான் எதை நம்பி இத்தனை மாதம் உயிர் வைத்திருக்கிறாளோ, அதே நம்பிக்கையில் தந்தைக்கும் ஓர் இடம் கொடுக்கிறாள். அவளும் ஒரு பணயப் பொருள்தானே. தனக்கு வைத்துக்கொண்ட சட்டத்தையே தந்தைக்கும் வைக்கிறாள், ஒரு மாத்திரை கூட்டாமல், குறைக்காமல்.

ஸ்பெயினின் தென்கோடியில் தரீஃபா என்றொரு கோட்டை. 1294இல் அதைச் சூழ்ந்த பகைவர்கள், கோட்டைத் தலைவன் குஸ்மானின் மகனைப் பிடித்துவந்து, கதவைத் திற, இல்லையென்றால் பிள்ளையைக் கொல்வோம் என்றார்கள். குஸ்மான் மதில்மேலிருந்து தன் கத்தியையே எடுத்து எறிந்தான், கொல்ல ஆயுதம் இல்லையென்றால் இதை வைத்துக்கொள் என்று. பிள்ளை கொல்லப்பட்டான், கோட்டை விழவில்லை என்று அந்த நாட்டு வரலாறு அவனைப் போற்றுகிறது. எனக்கு அந்தக் கதையில் அச்சமே மிஞ்சுகிறது. எறியப்பட்ட கத்தியில் ஒரு வீறாப்பு இருக்கிறது, பார்ப்பவர்களுக்காகச் செய்த செயலின் சாயல் இருக்கிறது. சீதையிடம் எறிவதற்கு ஒன்றுமில்லை. மதில் இல்லை, படை இல்லை, சுற்றி நிற்பவர் எல்லாம் அரக்கியர். அவளுடைய விடையில் தந்தை பிழைப்பதற்கான ஆசையும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் அது குஸ்மானின் செயலைவிட உயர்ந்து நிற்கிறது என்பேன்.

அவளுடைய விடையைக் கேட்ட இராவணன் உடைவாளை உருவுகிறான். உருவும்போது ஏளனமாக ஒன்று சொல்கிறான்: உன்முன் நிற்பவன் சனகன் இல்லை போலிருக்கிறது, அப்படியானால் இப்போதே கொன்றுவிடுகிறேன். இந்தப் படலம் முழுவதிலும் சனகனைப் பற்றி இராவணன் சொன்ன ஒரே உண்மை இது. அதையும் பொய்யின் தொனியில் சொல்கிறான். தெய்வ வாளையும் தருவேன் என்று சற்றுமுன் கெஞ்சியவன் இப்போது வாள் உருவி நிற்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் வேடம் கலைந்துபோனது அவனுக்கே தெரியவில்லை.

சீதையின் மறுமொழியில் கொல்லும் பேச்சு நான்கு முறை சுழன்று வருகிறது. தன்னை, தந்தையை, இராவணனையே, உலகத்தை. வாளை உருவியவன் ஒரு கொலையைப் பற்றிப் பேசினான். அவள் அந்த ஒன்றை நான்காக்கி, அவனையும் அந்த வரிசையில் நிறுத்திவைக்கிறாள். நான் உயிர் நீங்கிக் கெடாத புகழ் அடைவேன், நீ உன் கிளையோடு என் தலைவனின் அம்புக்குத் தப்பமாட்டாய் என்று முடிக்கிறாள்.

மகோதரன் குறுக்கே வந்து தடுக்கிறான். இவன் இரந்து கேட்டதைத் தவிர வேறென்ன பிழை செய்தான், கொல்வதால் என்ன பயன், பகையை வென்றுவிட்டால் இவள் தானே உன் வழிக்கு வருவாள், தந்தையை வதைத்தால் துயரத்தில் ஆழ்ந்துவிடுவாள் அல்லவா என்கிறான். அரசன் சினத்தில் வேடத்தை மறந்துவிட்டான், அமைச்சன் மறக்கவில்லை. அரசனின் காதில் உண்மையைச் சொல்லி நிறுத்தாமல், கூத்துக்குள் இருந்தபடியே, கூத்து கலையாமல் நிறுத்துகிறான். தெருக்கூத்தில் வேடக்காரருக்கு ஆவேசம் எல்லை மீறும்போது பக்கத்தில் நிற்பவர்கள் இறுகப் பிடித்துக்கொள்வார்கள். கதையும் நிற்காது, ஆளுக்கும் கேடு வராது. அந்தப் பிடியின் இலாவகம் மகோதரனின் பேச்சில் இருக்கிறது. காலடியில் கிடந்த மருத்தன் அந்த நொடியில் என்ன நினைத்திருப்பான் என்று கம்பன் எழுதவில்லை. எழுதாமல் விட்டது நல்லது.

அந்த நேரத்தில் ஆரவாரம் கேட்கிறது. தூதர்கள் வந்து, கும்பகருணன் விழுந்தான் என்று சொல்கிறார்கள்.

காவியத்தின் கட்டுமானத்தில் இதைவிடச் செம்மையான பொருத்து எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் உறவைக் காட்டி அவளை உடைக்கப் போலி உறவைச் செய்து கொண்டுவந்தான் இராவணன். அவன் அதைச் செய்துகொண்டிருந்த அதே பொழுதில் அவனுடைய மெய்யான உறவு களத்தில் முடிந்துகொண்டிருந்தது. அவளுக்காக அவன் சமைத்த துயரம் அச்சு மாறாமல் அவன் வாசலுக்கே வந்து நிற்கிறது. அவளுடையது மாயை, அவனுடையது மெய். அதுவும் எப்படிப்பட்ட தம்பி! சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு நேரே சொன்னவன். வா, இராமனிடம் போகலாம் என்று விபீடணன் அழைத்தபோது, நெடுநாள் சோறிட்டு வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று மறுத்தவன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழியை வெயிலில் நின்று உப்பு விளைவிக்கும் மரக்காணத்துக்காரருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். கும்பகருணன் அதை உயிர் போகும்வரை நினைத்தான். அவன் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உப்பிட்டவன் அசோக வனத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

இராவணன் அங்கேயே, சீதையின் கண்முன்னே, தம்பியை நினைத்து அழுகிறான். கம்பன் அந்த அழுகையைக் குறைத்துப் பாடவில்லை. தேவர் கூட்டம் தாமரைக் காடு என்றால் அதைப் புகுந்து உழக்கும் களிறு என் தம்பி என்று அவன் அரற்றும் சொற்கள் காவியத்தின் பெரும் புலம்பல்களில் ஒன்று. பக்கத்தில் கட்டுண்ட கோலத்தில் மருத்தன் நிற்கிறான். பொய்த் துயரத்துக்கு வேடம் கட்டியவன், அதை ஏவியவனின் மெய்த் துயரத்துக்குச் சாட்சியாக நிற்கிறான்.

சீதைக்கு இந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது? கண்ணளவைக் கடந்த தோள்களை உடைய கும்பகருணனைக் கண்டு அவள் ஒருகால் துணுக்குற்றவள். அவனை இராமனின் அம்பு வீழ்த்தியது என்ற வார்த்தையை அவள் உண்டாள் என்று கம்பன் பாடுகிறான். உண்டதும் உடல் தடித்தாள், வேறொருத்திபோல் ஆனாள். பல மாதம் வாடி இளைத்த உடம்பு அது. வனத்தில் முதன்முதலாக அதற்கு உணவு கிடைத்திருக்கிறது.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். அவள் பூரித்த இந்த நேரத்தில் சனகன் போலி என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. தந்தை கட்டுண்டு நிற்பதாகவே அவள் வரையில் நிலைமை. வில்லை வாழ்த்திக் காத்திரு என்று சற்றுமுன்தான் சொன்னாள். அந்த வில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்ற செய்தி அவள் சொல் ஆறுவதற்குள் வந்துவிட்டது. தந்தைக்குச் சொன்ன வழி சரியான வழிதான் என்பதற்கு அவளுக்குக் கிடைத்த முதல் சான்று அது.

இராவணன் பழிவாங்கும் சூளுரையோடு எழுந்து போகிறான். போகும் வேளையிலும், தம்பியைப் பறிகொடுத்த அந்தக் குழப்பத்திலும், சனகனைக் கொண்டுபோய்ச் சிறையில் வையுங்கள் என்று ஏவ மகோதரன் மறக்கவில்லை. பார்ப்பவள் ஒருத்தி மிச்சமிருக்கும்வரை அவனுக்குக் கூத்து முடியவில்லை.

அவர்கள் போனபின் தாயினும் இனியவளான திரிசடை சீதையின் பக்கத்தில் வருகிறாள். உன் தந்தை என்று உருமாறி வந்தவன் மருத்தன் என்னும் அரக்கன், மாயை வல்லவன் என்று சொல்கிறாள். நீட்டி முழக்கவில்லை, பெயரையும் குலத்தையும் சொல்வதோடு சரி. சீதை ஆறுதல் அடைகிறாள். அடுத்த படலத்தில் அதிகாயன் போருக்குப் புறப்படுகிறான்.